தலையாட்டியும் நீதிபதிகளும்

சுற்றிவளைப்பு எப்படி நடக்கும் என்று எண்பதுகளின் யாழ்ப்பாணத்தில் இருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விடியுமுன் ஊரை வளைத்துவிடுவார்கள். ஆண்கள் எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்துக்கோ கோயில் வீதிக்கோ வரவேண்டும். வரிசை மெல்ல நகர்ந்து ஒரு ஜீப்பின் முன்னால் போய் நிற்கும். உள்ளே சாக்கால் முகம் மூடிய ஒருவன். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் தலை அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அசைந்தால் லாரியில் ஏற வேண்டும். அவனுக்கு ஊர் வைத்த பெயர் தலையாட்டி. எதற்காக அசைந்தது என்பது பல வேளை அந்தத் தலைக்கே தெரியாது. அடி தாங்காமல் அசைந்திருக்கும், நாலு பேரையாவது காட்டு என்றதால் அசைந்திருக்கும், பழைய வேலிச் சண்டை ஒன்று நினைவுக்கு வந்து அசைந்திருக்கும். இலங்கை இராணுவமும் செய்தது, பிறகு வந்த இந்திய அமைதிப்படையும் செய்தது.

1991 அக்டோபர் 30ஆம் தேதி, ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 'வில்வராஜாவும் மற்றவர்களும் எதிர் ஐக்கிய இராச்சியம்' என்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பிரிட்டன் திருப்பி அனுப்பிய ஐந்து ஈழத்தமிழர்களின் வழக்கு அது. ஊர் போன பிறகு அவர்களில் மூவர் வதைபட்டார்கள் என்ற விவரம் நீதிமன்றத்தின் முன் இருந்தது. ஆனாலும், இவர்களுக்கு இப்படி நேரும் என்று பிரிட்டிஷ் உள்துறை அமைச்சர் முன்கூட்டியே கண்டுகொள்ளும்படி தனித்துக் காட்டும் கூறு எதுவும் இவர்களிடம் இருக்கவில்லை என்றது நீதிமன்றம். மற்ற இளம் தமிழ் ஆண்களின் நிலைதான் இவர்களின் நிலையும்; அதைவிட மோசமில்லை. ஆகவே மீறல் இல்லை. எட்டு நீதிபதிகள் அப்படி, ஒருவர் மட்டும் மாற்றி.

தலையாட்டியின் முன் நின்று வந்தவனுக்கு இந்தத் தர்க்கம் விளங்காது. அந்த வரிசையில் தனி அடையாளம் யாருக்கு இருந்தது?

இதை வெள்ளைக்காரன் செய்த அநீதி என்று ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடலாம். மேடைக்கு அது போதும். ஆனால் அகதிகளைத் திருப்பி அனுப்பும் நாட்டுக்கு என்ன கடமை என்ற கேள்விக்கு விடை தேடுகிறவர்கள் இந்தத் தீர்ப்பின் உள்ளே போய் வர வேண்டியிருக்கிறது. உள்ளே போனால் அது முட்டாள்தனமான தீர்ப்பாக இல்லை. அதுதான் சங்கடம்.

சட்டத்தின் நிலை அப்போது இப்படி இருந்தது. 1951 அகதிகள் உடன்படிக்கையின் 33ஆம் உறுப்புரை, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள எல்லைக்கு அகதியைத் திருப்பி அனுப்பாதே என்கிறது. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 3ஆம் உறுப்புரை சித்திரவதையைத் தடுக்கிறது. நாடு கடத்தலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. 1989இல் சோரிங் வழக்கில்தான் நீதிமன்றம் இரண்டையும் முடிச்சுப் போட்டது: இன்னொரு நாட்டில் வதை காத்திருக்கிறது என்று தெரிந்தே ஒருவரை ஒப்படைத்தால், ஒப்படைத்த நாடும் 3ஆம் உறுப்புரையை மீறியதாகும். அது குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவரை அமெரிக்காவிடம் ஒப்படைக்கும் வழக்கு. புகலிடம் கேட்டவர்களுக்கும் அது பொருந்தும் என்பது 1991 மார்ச்சில், சிலி நாட்டுக் குடும்பம் ஒன்று ஸ்வீடனுக்கு எதிராகக் கொண்டுவந்த வழக்கில் உறுதியானது. ஏழு மாதம் கழித்து நம் ஐவரின் முறை.

அவர்கள் 1987இல் பிரிட்டன் போய்ச் சேர்ந்தவர்கள். அகதிக் கேஸ் நிராகரிக்கப்பட்டது. நீதிமன்றம் போனார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் அகதியின் அச்சத்தை அவருடைய கண்ணால் பார்க்க வேண்டும் என்றது. அதே ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி பிரபுக்கள் சபை அதைக் கவிழ்த்தது: அச்சம் உண்மையாக இருந்தால் போதாது, புறநிலையில் ஆதாரமும் வேண்டும். சிவகுமாரன் வழக்கு என்று உலகெங்கும் அகதிச் சட்டப் புத்தகங்களில் இன்றும் வரும் தீர்ப்பு அது. 1988 பிப்ரவரியில் ஐவரும் கொழும்புக்கு விமானம் ஏற்றப்பட்டார்கள்.

நீதிமன்றத்தின் பக்கத்தை முதலில் நேர்மையாக வைத்துவிடுகிறேன். பின்னால் நடந்ததை வைத்து முன்னால் எடுத்த முடிவை அளக்கக் கூடாது என்றது நீதிமன்றம். அனுப்பும் நாளன்று அந்த நாட்டுக்கு என்ன தெரியும், என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதே அளவுகோல். இது சரி. இல்லாவிட்டால், அடிபட்டவனுக்கு மட்டும்தான் உரிமை இருந்தது, தற்செயலாகத் தப்பியவனுக்கு இருக்கவில்லை என்று ஆகிவிடும். இரண்டாவதாக, 1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது, அமைதிப்படை வந்திறங்கியிருந்தது, இந்தியாவிலிருந்து விரும்பித் திரும்புகிறவர்களுக்காக ஐ.நா. அகதிகள் ஆணையம் டிசம்பர் கடைசியில் ஒரு திட்டத்தையே தொடங்கியிருந்தது. ஐ.நா.வே ஆட்களைக் கூட்டிப்போகும்போது நான் ஏன் அனுப்பக் கூடாது என்று ஓர் உள்துறை அதிகாரி கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. மூன்றாவதாக, போர் நடக்கும் நாட்டிலிருந்து வந்த எல்லாரையும் ஏற்பது என்பது அரசுகள் கையெழுத்துப் போட்ட வாக்குறுதி அல்ல. வழக்கை முதலில் விசாரித்த ஐரோப்பிய மனித உரிமைகள் ஆணைக்குழுவே இந்தக் கேள்வியில் ஏழுக்கு ஏழு என்று பிளந்து, தலைவரின் வாக்கால்தான் மீறல் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. தராசு அவ்வளவு சமமாக நின்ற வழக்கு.

இனி மறுபக்கம். 'நிலைமை முன்னேறியிருந்தது' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ஒப்பந்தம் ஜூலையில். அக்டோபர் 10இல் அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் போர் வெடித்தது. அதே மாதம் 21, 22ஆம் தேதிகளில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இதெல்லாம் பிப்ரவரியில் லண்டனுக்குத் தெரியாத செய்திகள் அல்ல. முன்னேற்றம் என்று நீதிமன்றம் கண்டது பெரும் சண்டை ஓய்ந்ததை. ஊரில் இருந்தவனுக்கோ பெரும் சண்டை ஓய்ந்த பிறகுதான் சுற்றிவளைப்பு ஆரம்பம். ஷெல் வீச்சு ஊரைப் பார்த்து விழுகிறது; சுற்றிவளைப்பு வயதைப் பார்த்து வருகிறது. இருபது வயதுத் தமிழ் ஆண், அடையாள அட்டை இல்லை, எங்கே இருந்தாய் என்றால் வெளிநாடு என்று சொல்ல வேண்டியவன். இவனுக்குப் பெரும் சண்டை ஓய்ந்தது நல்ல செய்தியா?

தவறு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆபத்து எந்த விதமாக வருகிறது என்று பார்க்காமல், ஆளிடம் என்ன வித்தியாசம் இருக்கிறது என்று பார்த்தது நீதிமன்றம். ஒருவனைத் தேடிவந்து பிடிக்கிற அரசு இருக்கும் இடத்தில் தனி அடையாளம் கேட்பது பொருத்தம். கூட்டத்தை நிறுத்திவைத்துப் பொறுக்குகிற இடத்தில், கூட்டத்தில் ஒருவனாக இருப்பதே அடையாளம். அதற்காக 1988இல் எல்லாத் தமிழருக்கும் ஆபத்து என்று சொல்லிவிட வேண்டியதில்லை. முதியவருக்கு, கொழும்பில் வேரூன்றிய வியாபாரிக்கு வேறு கணக்கு. வயது, பால், ஊர், கையில் காகிதம், எங்கிருந்து வருகிறான் என்பவற்றைச் சேர்த்துப் பார்த்திருந்தால் ஒரு வட்டம் கிடைத்திருக்கும். நீதிமன்றம் இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒவ்வொன்றாக விட்டது.

ஆனால் இந்தத் தீர்ப்பின் பெரிய பிழை 3ஆம் உறுப்புரையில் இல்லை. யாரும் அதிகம் பேசாத 13ஆம் உறுப்புரையில் இருக்கிறது. உரிமை மீறப்படும் என்று முறையிடுகிறவருக்கு நாட்டுக்குள்ளேயே பயனுள்ள பரிகாரம் வேண்டும் என்பது அந்த உறுப்புரை. ஐவருக்கும் பிரிட்டனில் இருந்தது நீதிமுறை மீளாய்வு ஒன்றுதான். அதில் நீதிபதி அமைச்சரின் முடிவு சரியா என்று பார்ப்பதில்லை. புத்தியுள்ள எந்த அமைச்சரும் எடுக்கவே முடியாத முடிவா என்று மட்டும் பார்ப்பார். உண்மைகளைத் தொட மாட்டார். உண்மைகளைத் தொடக்கூடிய மேல்முறையீடு ஒன்றும் சட்டத்தில் இருந்தது. அதைப் போட ஒரு நிபந்தனை: முதலில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும்! வதைப்பார்கள், அனுப்பாதே என்று கெஞ்சுகிறவனிடம், போய் இறங்கு, அங்கிருந்து மனுப் போடு என்பது சட்டம். இதை எழுதியவர்களுக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

ஐவரின் வக்கீல்கள் அந்த மனுவையும் போட்டார்கள். 1989 மார்ச்சில், ஐவரும் பிரிட்டனில் இல்லாத நிலையில், குடிவரவு நடுவர் ஒருவர் அதைக் கேட்டு முடிவு சொன்னார்: இவர்களின் அச்சத்துக்கு ஆதாரம் இருக்கிறது, இவர்கள் அகதிகள், இவர்களைத் திருப்பி அழைத்துவர வேண்டும். அதே கதை, அதே ஆட்கள். உண்மைகளைத் தொட அதிகாரம் உள்ள ஒருவரின் கைக்குப் போனதும் விடை தலைகீழானது. நடந்து முடிந்ததைத் தெரிந்துகொண்டு முடிவு சொல்வது எளிது என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம். அதை ஓரளவு ஏற்கிறேன். ஆனால் அதற்குக் காரணம் யார்? நடப்பதற்கு முன்னால் கேட்க ஆளில்லாமல் செய்தது பிரிட்டிஷ் சட்டம்தானே. ஆணைக்குழு இதில் பதின்மூன்றுக்கு ஒன்று என்று மீறல் கண்டது. ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று, மீளாய்வு போதும், மீறல் இல்லை என்றது.

காலம் இந்த வாக்கெடுப்பைத் திருத்திவிட்டது. 1993இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே சட்டம் கொண்டுவந்து, புகலிடக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவருக்கு வெளியேற்றத்துக்கு முன்பே மேல்முறையீடு தந்தது. இது போதும் என்று நீதிமன்றம் சொன்ன ஏற்பாட்டை, போதாது என்று இரண்டே ஆண்டில் ஏற்பாட்டுக்காரரே மாற்றினார். நீதிமன்றமும் பின்னால் வந்த வழக்குகளில், 2000இல் துருக்கிக்கு எதிராகவும் 2007இல் பிரான்சுக்கு எதிராகவும், ஆராய்ச்சி கடுமையாக இருக்க வேண்டும், மனு நிலுவையில் இருக்கும்போது விமானம் தானாகவே நிற்க வேண்டும் என்று வந்துசேர்ந்தது. வில்வராஜா தீர்ப்பு தவறு என்று மட்டும் எங்கும் எழுதவில்லை. நீதிமன்றங்கள் மன்னிப்புக் கேட்பது இப்படித்தான்.

3ஆம் உறுப்புரையிலும் திருத்தம் வந்தது, இன்னொரு தமிழரின் வழக்கில். 2008 ஜூலை 17ஆம் தேதி, 'என்.ஏ. எதிர் ஐக்கிய இராச்சியம்'. 1990க்கும் 1997க்கும் இடையில் இராணுவத்தால் ஆறு தடவை பிடிக்கப்பட்டவர், ஒரு தடவை அடித்ததில் காலில் வடு, படமும் கைரேகையும் எடுக்கப்பட்டவர், விடுவிக்கத் தகப்பன் ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆறு தடவையும் விட்டுவிட்டார்களே, அப்படியென்றால் ஆபத்தில்லை என்றது பிரிட்டன். நீதிமன்றம் இந்தத் தடவை கூட்டிப் பார்த்தது. ஒவ்வொன்றும் தனியாகச் சிறியதாக இருக்கலாம், சேர்ந்தால் பெரிது, போர் மறுபடி மூண்டிருக்கும் நாட்டில் இன்னும் பெரிது. அனுப்பினால் மீறல் என்று ஒருமனதாகத் தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்கு முந்தைய ஓராண்டுக்குள் பிரிட்டனிலிருந்து திருப்பி அனுப்பப்படவிருந்த 342 தமிழர்களுக்கு நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்திருந்தது என்ற கணக்கும் தீர்ப்பிலேயே இருக்கிறது. எட்டுக்கு ஒன்று காலத்திலிருந்து நீண்ட தூரம்.

ஆனால் கூட்டிப் பார்ப்பதற்கென்று பிரிட்டிஷ் குடிவரவுத் தீர்ப்பாயம் கொடுத்திருந்த பட்டியல்தான் எனக்கு உறுத்துகிறது. முந்தைய கைது, பிடியாணை, ஒப்புதல் வாக்குமூலம், உடம்பில் வடு, லண்டன் போன்ற நகரிலிருந்து திரும்புதல், கள்ளமாக வெளியேறியது, அடையாள அட்டை இல்லாமை, இயக்கத்தில் உறவினர் என்று பன்னிரண்டு அம்சங்கள். இது சரிபார்ப்புப் பட்டியல் அல்ல என்று நீதிபதிகள் எச்சரித்தார்கள். எச்சரித்தால்? கேஸ் எழுதுகிறவருக்கும் கேஸ் கேட்கிற அதிகாரிக்கும் அது பட்டியல்தான். தமிழர்கள் எல்லாரும் ஒரே கதை சொல்கிறார்கள் என்று அதிகாரிகள் அலுத்துக்கொண்டதன் பாதிக் காரணம், ஒரே மாதிரிக் கேள்வியை அவர்கள் கேட்டதுதான்.

வடுவின் கதை இதற்கு நல்ல சாட்சி. இலங்கையில் தடுத்துவைத்துச் சூடான இரும்புக் கம்பியால் சுட்டார்கள் என்று சொன்ன ஒருவரின் முதுகில் ஐந்து நீண்ட தீக்காய வடுக்கள், கையிலும் சில. கையில் உள்ளவற்றின் ஓரம் கலங்கியிருந்தது. முதுகில் உள்ளவற்றின் ஓரம் வெட்டினாற்போல் தெளிவாக இருந்தது. சுடும்போது உடம்பு அசையவில்லை என்பதற்கு அது அடையாளம். நான் மயங்கிப்போனேன் என்றார் அவர். மயக்க மருந்து கொடுத்து, கேஸுக்காக, யாரையோ வைத்துச் சுட்டுக்கொண்டிருக்கலாம் என்றது தீர்ப்பாயம். பட்டியலில் வடு ஓர் அம்சமான பிறகு, வடு இல்லாதவனிடம் ஏன் இல்லை என்றும், இருப்பவனிடம் ஏன் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்றும் கேட்கலாம். 2019 மார்ச்சில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ஒருமனதாக ரத்துசெய்து, மறுபடி விசாரிக்க அனுப்பியது. முதுகை இவ்வளவு கோரமாகச் சுட்டுக்கொள்ளச் சம்மதிக்கிறவன் எவ்வளவு அபூர்வம் என்பதை யாரும் யோசிக்கவில்லை என்று சுட்டிக்காட்டியது. யோசிக்க உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது.

சரி, நடைமுறையெல்லாம் ஒழுங்காக நடந்து ஒருவர் அனுப்பப்பட்டே விட்டார். அப்புறம்? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008 நெறிமுறை, பலவந்த வெளியேற்றத்தைக் கண்காணிக்க ஏற்பாடு வேண்டும் என்கிறது. கைவிலங்கு எப்படிப் போட்டார்கள், டாக்டர் இருந்தாரா என்று பார்ப்பது. தேவையில்லாத காரியம் அல்ல: 2010 அக்டோபரில் ஹீத்ரோவிலிருந்து அங்கோலாவுக்கு அனுப்பப்பட்ட ஒருவர் மூன்று காவலர்கள் அழுத்திப் பிடித்ததில் விமானத்திலேயே இறந்துபோனார். ஆனால் அந்தக் கண்காணிப்பு விமானப் படிக்கட்டோடு முடிகிறது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியவர் விசாரணை அறைக்குள் போனாரா, கொழும்புப் பொலிஸின் நாலாம் மாடிக்குப் போனாரா, வீட்டுக்குப் போனாரா என்று பார்க்கும் கடமை யாருக்கும் இல்லை. தொடர்ந்து பார்த்தால் அதுவே அவர்மேல் கவனத்தை ஈர்க்கும், அவர் தன் சொந்த நாட்டின் பொறுப்பு என்பது அரசுகளின் பதில். முதல் பாதியில் உண்மை இருக்கிறது. ஆனால் இதன் விளைவைப் பாருங்கள். 2011, 2012இல் மனித உரிமை அமைப்புகள் பிரிட்டனிலிருந்து திரும்பிப் போய் வதைபட்ட தமிழர்களின் சாட்சியங்களை வெளியிட்டபோது, அதில் பேசியவர்கள் மறுபடி தப்பி பிரிட்டன் வந்தவர்கள். தப்பாதவர் சாட்சியாக முடியாது. சாட்சி இல்லாவிட்டால், திரும்பியவர்களுக்கு ஆபத்து என்பதற்கு ஆதாரமில்லை என்று அடுத்த கேஸை நிராகரிக்கலாம். அனுப்பும் அரசு தன் அறியாமையைத் தானே தயாரித்து, தானே பயன்படுத்திக்கொள்கிறது.

நடைமுறையே வேண்டாம் என்று போன அரசுகளையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 2014 ஜூலையில் ஆஸ்திரேலியா நடுக்கடலில் மறித்த 41 பேரைக் கப்பலிலேயே சில கேள்விகள் கேட்டுவிட்டு மட்டக்களப்புக்கு அப்பால் இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைத்தது. அவர்களில் நான்கு பேர்தான் தமிழர், மற்றவர்கள் சிங்களவர் என்பதை நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். முந்தைய ஆண்டு கொழும்பு போனபோது அதே கடற்படைக்கு இரண்டு ரோந்துப் படகு பரிசளிப்பதாக அறிவித்த ஆஸ்திரேலியப் பிரதமர், சித்திரவதை பற்றிக் கேட்டதற்கு, கடினமான சூழலில் கடினமானவை நடப்பதுண்டு என்ற பொருளில் பதில் சொன்னார். வில்வராஜா தீர்ப்பைத் திட்டுகிறவர்கள் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அங்கே குறைந்தபட்சம் ஐந்து பேர் வாதாடினார்கள்.

இந்தியா 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 1992இல் தமிழக முகாம்களிலிருந்து ஈழ அகதிகளை அனுப்பத் தொடங்கியபோது, விரும்பித்தான் போகிறார்களா என்று பார்க்க ஐ.நா. ஆணையத்துக்குச் சென்னையில் ஒரு அலுவலகம் அனுமதிக்கப்பட்டது. முழுமையான ஏற்பாடு என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்பதற்கு ஒரு மூன்றாம் ஆள் இருந்தார். 2025 மே மாதம், தண்டனை முடிந்த ஓர் இலங்கைத் தமிழர், அனுப்பினால் உயிருக்கு ஆபத்து என்று உச்ச நீதிமன்றம் போனபோது, எல்லா நாட்டு அகதிகளுக்கும் இடம் கொடுக்க இந்தியா தர்மசத்திரமா என்று கேட்டது அமர்வு. வேறு நாடு போகச் சொன்னது. சத்திரத்தில் இடமில்லை என்று சொல்ல எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. அவர் கேட்டது இடம் அல்ல. குறிப்பிட்ட ஒரு வாசல் வழியாக வெளியே தள்ளாதே என்பது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத நீதிமன்றம் 1991இன் ஸ்ட்ராஸ்பர்க்குக்கும் பின்னால் நிற்கிறது. அங்கே மீறல் இல்லை என்று சொல்வதற்காவது ஆபத்தை ஆராய்ந்தார்கள்.

ஆகவே வில்வராஜா வழக்கில் என் கணிப்பு இது. அனுப்பும் நாளில் நின்று அளக்க வேண்டும் என்ற விதி சரி. அந்த அளவுகோலால் அளந்த விதம் தவறு, ஆனால் நேர்மையானவர்கள் செய்யக்கூடிய தவறு. ஏழுக்கு ஏழு அதைத்தான் காட்டுகிறது. பரிகாரம் பற்றிய முடிவுக்கு அந்தச் சலுகையையும் தரமாட்டேன். உண்மைகளைத் தொடக்கூடிய ஒருவர், விமானம் ஏறுவதற்கு முன், ஒரு தடவை கேட்டிருக்க வேண்டும். தலையாட்டியின் முன் நின்றவனுக்கும் கிடைக்காதது அது ஒன்றுதான். அது இல்லாமல் நடந்த வெளியேற்றம் சட்டப்படி சரி என்று ஏழு நீதிபதிகள் எழுதிய அன்று, அந்த வெளியேற்றத்தின் பலன் எதுவும் மிச்சமிருக்கவில்லை. நடுவரின் முடிவை எதிர்த்துப் பார்த்துத் தோற்ற பிரிட்டன், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1989 அக்டோபர் 4ஆம் தேதி, ஐவரையும் திரும்ப உள்ளே விட்டிருந்தது.